ரோட்டவேட்டர் ஷாஃப்ட் கழன்று விழுந்தால்: திரும்ப மாட்டுவதற்கு முன்

டிராக்டருக்கும், கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கும் நடுவில் சுழலும் பி.டி.ஓ. ஷாஃப்ட் (எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு) உழவின் நடுவே கழன்றுவிட்டால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஓட்டுநர் இறங்குவார். சேற்றில் கிடப்பதை எடுத்துத் துடைப்பார். பூட்டுப் பின்னை அமுக்கி, டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. முனையில் தள்ளி மாட்டுவார். உழவு தொடரும். வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது அந்த அவசரம் புரிகிறது. ஆனால் நல்ல நிலையில் உள்ள ஷாஃப்ட் சும்மா கழலாது. நீளமோ, கோணமோ, பூட்டோ, கிரீஸோ, ஏதோ ஒன்று அதைத் தள்ளியிருக்கிறது, அல்லது இழுத்திருக்கிறது. அந்தக் காரணம் அப்படியே இருக்க மாட்டினால் மறுபடி விழும். அடுத்த முறை கிராஸும் (ஷாஃப்டைக் கோணத்திலும் சுழலவிடும் சிலுவை வடிவ மூட்டு) யோக்கும் (அதைப் பிடிக்கும் கவட்டை) சேர்ந்து போகும்; சில நேரம் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கும், ரோட்டவேட்டர் கியர்பாக்ஸின் ஆயில் சீலும் போகும். ஷாஃப்டின் விலையோடு நிற்காத செலவு அது.

முதல் வேலை பாதுகாப்பு. இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. யோக்கின் குறுக்களவு 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 31 செ.மீ. துணியை அது சுருட்டும். ஒரே நொடியில் கிட்டத்தட்ட 2.8 மீட்டர். வேட்டி நுனியோ, தோளில் கிடக்கும் துண்டோ, சேலைத் தலைப்போ மாட்டினால் கையை எடுக்க நேரமே கிடைக்காது. எனவே ரோட்டவேட்டரைத் தரையில் இறக்குங்கள், பி.டி.ஓ. லீவரை நியூட்ரலில் போடுங்கள், எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். சுழற்சி முழுதாக நின்ற பிறகுதான் பின்பக்கம் போக வேண்டும். ஹைட்ராலிக்கை நம்பி, தூக்கி நிற்கும் ரோட்டவேட்டருக்கு அடியில் கையோ தலையோ விடக் கூடாது. ஷாஃப்டை மாட்ட உயரம் தேவைப்பட்டால் கீழே கெட்டியான மரக்கட்டை வைத்து அதன் மேல் இறக்கிக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில் பிரிந்தது

"ஷாஃப்ட் கழண்டுடுச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லப்படுவது உண்மையில் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள். பிரிந்த இடத்தைப் பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

டிராக்டர் பக்கத்து யோக் முனையை விட்டு முழுதாக வெளியே வந்திருந்தால் பூட்டு பிடிக்கவில்லை. நம் ஊர் டிராக்டர்களில் பெரும்பாலும் இருப்பது 35 மி.மீ., அதாவது 1⅜ அங்குலக் குறுக்களவில் 6 பல் கொண்ட முனை. அந்தப் பற்களின் குறுக்கே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். யோக்கில் உள்ள ஸ்பிரிங் பின் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் பூட்டு. பின் உட்காராமல் பற்களின் உராய்வில் மட்டும் நின்றாலும் கொஞ்ச நேரம் ஓடும். ரோட்டவேட்டரை இரண்டு தடவை தூக்கி இறக்கினால் நழுவி வந்துவிடும். சேற்றுழவில் இது அதிகம். பின்னின் துளைக்குள் சேறு போய்க் காய்ந்து, அமுக்கினால் உள்ளே போகும் பின் திரும்பி வராது. டீசல் ஊற்றிக் கழுவி, பின்னை இருபது முப்பது முறை அமுக்கி விட்டுப் பாருங்கள். விட்டவுடன் துள்ளி வெளியே வர வேண்டும். மெதுவாக வந்தால் ஸ்பிரிங் மாற்றுங்கள், விலை மிகக் குறைவு. பின்னின் தலை ஒரு பக்கம் தேய்ந்து சரிவாகியிருந்தால் பின்னையும் மாற்றுங்கள். கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டி ஓட்டுவது கூடவே கூடாது. கம்பி அறுந்தால் அதுவே சாட்டையாகச் சுழலும்.

சில ஷாஃப்ட்களில் பின்னுக்குப் பதில் வளையத்தைப் பின்னால் இழுத்து மாட்டும் பந்துப் பூட்டு இருக்கும். அதில் வளையம் தானாக முன்னால் வந்து நிற்கிறதா என்பதுதான் சோதனை. குறுக்கே போல்ட் போடும் வகையில், போல்ட் பள்ளத்தின் வழியாகவே போக வேண்டும். நட் நைலான் பிடிப்புள்ளதாக இருக்க வேண்டும். எந்த வகையானாலும், மாட்டிய பின் இரண்டு கையாலும் யோக்கைப் பிடித்துப் பின்பக்கமாகப் பலமாக இழுத்துப் பாருங்கள். 'டக்' என்ற சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ஷாஃப்ட் நடுவில் பிரிந்து, ஒரு பாதி டிராக்டரிலும் மறுபாதி ரோட்டவேட்டரிலும் தொங்கினால் நீளம் போதவில்லை. இரண்டு முனைப் பூட்டும் சரியாகத்தான் வேலை செய்திருக்கின்றன. உள்குழாய்தான் வெளிக்குழாயை விட்டு வந்துவிட்டது.

கிராஸ் இருக்கும் இடத்தில் பிரிந்திருந்தால், கப் (கிராஸின் கால் நுனியை மூடும் பேரிங் குப்பி) தெறித்து, அது உட்காரும் துளையான யோக்கின் காது காலியாக இருக்கும். கப்பைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் வளையமான சர்க்கிளிப் பள்ளத்தில் சரியாக உட்காராதது, கிரீஸ் இல்லாமல் ஊசி பேரிங் பொடியானது, பி.டி.ஓ. ஓடும்போதே அளவுக்கு மேல் தூக்கியது ஆகிய மூன்றில் ஒன்று.

எதுவும் விழவில்லை, டிராக்டர் பக்கம் சுற்றுகிறது, ரோட்டவேட்டர் சுற்றவில்லை என்றால், சுமை மிஞ்சினால் தானே அறுந்து மற்றதைக் காக்கும் ஷியர் போல்ட் அறுந்திருக்கும். அதுவும் முழுதாக இருந்தால் யோக்கையும் குழாயையும் சேர்க்கும் ஸ்பிரிங் பின் (முனையில் பூட்டும் பின் அல்ல, வேறொன்று) வெட்டுப்பட்டிருக்கும். அந்தப் பின் போனால் குழாய்க்குள் யோக் தனியாகச் சுற்றும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. குழாயை ஒரு கையாலும் யோக்கை மறுகையாலும் பிடித்து எதிரெதிராகத் திருக்கினால் ஆட்டம் தெரியும்.

பிரிந்த இடம் தெரிந்ததும் உடனே மாட்டிவிடாதீர்கள். சுழலும் வேகத்தில் கழன்ற ஷாஃப்ட் எதிலெல்லாம் அடித்திருக்கிறது என்று பாருங்கள். லோயர் லிங்க் (கருவியைத் தாங்கும் கீழ்க்கைகள்), செக் செயின் (அவை பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் சங்கிலி), ஹைட்ராலிக் பைப், பி.டி.ஓ. மேல்மூடி, டயரின் உள்பக்கம். குழாய் வளைந்திருக்கிறதா என்று தெரிய, அதைச் சமமான சிமெண்ட் தரையில் உருட்டிவிட்டு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று கவனியுங்கள். டிராக்டரின் பி.டி.ஓ. முனையையும் சோதிக்க வேண்டும். முனைக்கு மிக அருகில் ஒரு கம்பியை அசையாமல் நிறுத்தி, பி.டி.ஓ. நியூட்ரலில் இருக்க முனையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கம்பிக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் முனை வளைந்திருக்கிறது. வளைந்த முனையில் எத்தனை புது ஷாஃப்ட் மாட்டினாலும் நிற்காது. சுற்றிலும் ஆயில் கசிவு புதிதாகத் தெரிந்தால் சீலோ பேரிங்கோ அடி வாங்கியிருக்கிறது. ரோட்டவேட்டர் பக்கத்து முனைக்கும் இதே சோதனைதான்.

நீளம்: அதிகமானாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து

ஷாஃப்ட் கோளாறுகளில் கடைக்காரரும் மெக்கானிக்கும் மிகக் குறைவாகப் பேசுவது நீளத்தைப் பற்றி. என் கணிப்பில் பாதிக் கோளாறுக்கு வேர் இங்கேதான். ரோட்டவேட்டரோடு வரும் ஷாஃப்ட் பொதுவான ஒரு நீளத்தில் வரும். உங்கள் டிராக்டரில் பி.டி.ஓ. முனை எவ்வளவு பின்னால் இருக்கிறது, லோயர் லிங்க் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து அதை வெட்டிச் சரிசெய்ய வேண்டும். ஒரு டிராக்டருக்கு வெட்டிய ஷாஃப்டை வேறு கம்பெனி டிராக்டரில் மாட்டினால் அளவு மாறிவிடும். ஒரே ரோட்டவேட்டரை இரண்டு மூன்று டிராக்டர்களில் மாற்றி மாற்றி மாட்டுகிறவர்கள் இதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

அளக்கும் முறை இது. ஷாஃப்டின் இரண்டு பாதியையும் பிரித்து, ஒன்றை டிராக்டர் முனையிலும் மற்றதை ரோட்டவேட்டர் முனையிலும் பூட்டுங்கள்.  எஞ்சினை ஓட்டி, பி.டி.ஓ. போடாமல், இன்னொருவர் ரோட்டவேட்டரை மெல்லத் தூக்கட்டும். அவர் தூக்கும்போது நீங்கள் தள்ளி நில்லுங்கள்; நின்ற பிறகு பாருங்கள். இரண்டு முனைக்கும் நடுவே தூரம் மிகக் குறையும் உயரம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் இரண்டு முனையும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வரும் இடம். அந்த உயரத்தில் நிறுத்தி, அடியில் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு பாதியையும் ஒன்றுக்குள் ஒன்று விடாமல் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து அளவெடுங்கள். உள்குழாயின் நுனிக்கும் எதிர்ப்பக்கத்து யோக்கின் அடிக்கும் நடுவே 25 முதல் 40 மி.மீ. வரை காலி இடம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் தூக்கும்போது உள்குழாய் முட்டும். முட்டினால் ஹைட்ராலிக்கின் முழு பலமும் நீளவாக்கில் பி.டி.ஓ. பேரிங்கின் மேலும் கியர்பாக்ஸ் பேரிங்கின் மேலும் இறங்கும். கியர்பாக்ஸ் முன்சீல் அடிக்கடி கசிந்து, மாற்றி மாற்றிப் போட்டும் நிற்கவில்லை என்றால், சீலைக் குறை சொல்வதற்கு முன் ஷாஃப்ட் நீளத்தை அளந்து பாருங்கள்.

அடுத்து எதிர்க்கோடி. ரோட்டவேட்டர் மிகத் தாழ்ந்து வேலை செய்யும் நிலையில், வாய்க்கால் ஓரத்திலோ பள்ளத்திலோ இறங்கும் அளவுக்குத் தாழ்த்தி, உள்குழாயும் வெளிக்குழாயும் எவ்வளவு ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறது என்று பாருங்கள். குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஓரிரு பள்ளத்தில் பிரிந்துவிடும். பிரியாவிட்டாலும் குறைந்த பிடியில் குழாய் வளையும், வாய் விரியும்.

நீளம் அதிகம் என்றால் வெட்டலாம். எவ்வளவு வெட்ட வேண்டுமோ அதே அளவை உள்குழாய், வெளிக்குழாய் இரண்டிலும் வெட்ட வேண்டும். மேல் பிளாஸ்டிக் கார்டு (ஷாஃப்டைச் சுற்றிய பாதுகாப்பு உறை) இருந்தால் அதன் இரண்டு பாதியிலும் அதே அளவு. ஒன்றை மட்டும் வெட்டினால் இடைவெளி சரியாகத் தெரியும், ஆனால் பிடிமானம் குறைந்துவிடும். ஆக்ஸா பிளேடால் நேராக வெட்டி, உள்ளும் புறமும் அரத்தால் பிசிர் எடுத்து, இரும்புத் தூளைத் துணியால் முழுதாகத் துடைத்துவிட்டுக் கிரீஸ் தடவுங்கள். தூள் உள்ளே தங்கினால் குழாய் நீண்டு சுருங்க மறுக்கும். அப்போது நீளம் சரியாக இருந்தும் முட்டுகிற அதே சேதம் வரும்.

நீளம் குறைவு என்றால் வேறு வழியே கிடையாது, நீளமான குழாய் வாங்க வேண்டும். துண்டு வைத்து வெல்டிங் அடித்து நீட்டித் தருகிற பட்டறைகள் இருக்கின்றன. அதைச் செய்யாதீர்கள். வெல்டிங் சூட்டில் குழாய் கோணும், ஒட்டிடத்துக்கு அருகில் இரும்பின் பலம் மாறும், நொடிக்கு 9 முறை சுழலும்போது அந்தச் சிறு கோணல் அதிர்வாகி கிராஸைத் தின்னும்.

காதுகள் ஒரே நேரில் இருக்கிறதா

ஷாஃப்டை இரண்டாகப் பிரித்துத் திரும்பச் சொருகும்போது நேரும் தவறு இது. டிராக்டரை வேறு வேலைக்கு எடுக்கும்போது ஷாஃப்ட் கழன்று இரண்டு பாதியாகப் பிரிகிறது. மறுநாள் கிடைத்தபடி சொருகப்படுகிறது. வெளியில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் அதிர்வு கூடியிருக்கும். ஒரு பருவம் முடிவதற்குள் கிராஸ் போய்விடும்.

காரணம் கிராஸின் இயல்பிலேயே இருக்கிறது. கிராஸ் நேராக இருக்கும்போது உள்ளே வரும் வேகமே வெளியே போகும். கோணத்தில் வளைந்தால் அப்படி இருக்காது. ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். 15 பாகைக் கோணத்தில் 540 சுற்று, 522க்கும் 559க்கும் நடுவே ஊசலாடும். 30 பாகையில் 468க்கும் 624க்கும் நடுவே. நொடிக்கு 18 முறை இந்த ஊசலாட்டம். ஷாஃப்டின் மறுமுனையில் இரண்டாவது கிராஸ் இருப்பது இதை ரத்துசெய்யத்தான். முதலாவது கூட்டும்போது இரண்டாவது குறைக்க வேண்டும். அதற்கு இரண்டு நிபந்தனை. குழாயோடு சேர்ந்த இரண்டு உள்யோக்கின் காதுகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும். இரண்டு கிராஸின் கோணமும் சமமாக இருக்க வேண்டும்.

காதுகள் 90 பாகை மாறிவிட்டால் இரண்டு ஊசலாட்டமும் ரத்தாவதற்குப் பதில் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். இருபுறமும் 30 பாகையில் ரோட்டவேட்டர் முனையின் வேகம் 405க்கும் 720க்கும் நடுவே அடித்துக்கொள்ளும். கத்தி, கியர், கிராஸ் எல்லாவற்றிலும் அந்த அடி விழும்.

சதுரக் கம்பியும் சதுரக் குழாயுமாக வரும் ஷாஃப்ட்களில் நான்கு விதமாகச் சொருகலாம். இரண்டு சரி, இரண்டு தவறு. எலுமிச்சை வடிவக் குழாய் என்றால் இரண்டே விதம்தான் போகும், இரண்டுமே சரி. உங்களுடையது சதுரம் என்றால் சரியாகச் சொருகிய நிலையில் இரண்டு பாதியின் மேலும் சேர்த்து ஒரு நீளக் கோடு வெள்ளை பெயிண்டால் போட்டு வையுங்கள். யார் மாட்டினாலும் கோடு சேர வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும்.

இரண்டாவது நிபந்தனையைச் சரிசெய்வது டாப் லிங்க், அதாவது கருவியின் மேல்பகுதியை டிராக்டரோடு சேர்க்கும், நீளம் மாற்றக்கூடிய கம்பி. ரோட்டவேட்டரை வேலை செய்யும் ஆழத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். டிராக்டரின் பி.டி.ஓ. முனையும் கியர்பாக்ஸ் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். உயரம் வேறுபடலாம், சாய்வு வேறுபடக் கூடாது. கியர்பாக்ஸ் மூக்கு மேலே தூக்கியிருந்தாலோ கீழே குனிந்திருந்தாலோ டாப் லிங்கை நீட்டிக் குறைத்து நேராக்குங்கள். செக் செயினையும் அப்போதே பாருங்கள். தளர்வாக இருந்தால் ரோட்டவேட்டர் பக்கவாட்டில் ஆடி, கோணம் இன்னொரு திசையிலும் கூடும்.

கிராஸ் மாற்றுவது

கிராஸ் வாங்கும்போது டிராக்டர் பெயரைச் சொல்லி வாங்கக் கூடாது. ஷாஃப்டின் அளவைச் சொல்லி வாங்க வேண்டும். இரண்டு அளவு: கப்பின் வெளி விட்டம், எதிரெதிர் கப்களின் வெளிமுகத்துக்கு நடுவே உள்ள நீளம். பரவலாகக் கிடைப்பவை 22 க்கு 54, 23.8 க்கு 61.3, 27 க்கு 70, 27 க்கு 74.6, 30.2 க்கு 92 மி.மீ. 27 அளவில் இரண்டு நீளம் வருவதைக் கவனியுங்கள். 70ஐ 74.6 யோக்கில் போட்டால் சர்க்கிளிப் உட்கார்ந்த பின்னும் கப் உள்ளே ஆடும். வெர்னியரால் அளந்து, பழைய கிராஸையும் கையோடு கொண்டுபோங்கள்.

பழையதைக் கழற்றும் முன் யோக்குகளின் மேல் ஒரு அடையாளம் போடுங்கள். மண்ணைக் கழுவுங்கள். கிரீஸ் நிப்பிளைக் (கிரீஸ் ஏற்றும் சிறு மூக்கு) கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் தட்டும்போது உடைந்து உள்ளேயே நின்றுவிடும். நான்கு சர்க்கிளிப்பையும் பிளையரால் எடுங்கள். துருப்பிடித்திருந்தால் முதலில் கப்பின் நடுவில் ஒரு தட்டு தட்டினால் சர்க்கிளிப் மேலுள்ள இறுக்கம் தளரும்.

கப்பை வெளியே எடுக்கச் சிறந்தது பெஞ்ச் வைஸ். ஒரு பக்கம் கப்பை விடச் சிறிய சாக்கெட், மறுபக்கம் கப் முழுதாக உள்ளே போகும் அளவு பெரிய சாக்கெட். 27 மி.மீ. கப் என்றால் தள்ளுகிற சாக்கெட்டின் வெளி விட்டம் 25க்குள், வாங்குகிற சாக்கெட்டின் உள்விட்டம் 28க்கு மேல். வைஸை இறுக்கினால் ஒரு கப் காதுக்குள் நகர, எதிர்க்கப் பெரிய சாக்கெட்டுக்குள் வந்துவிடும். வயல் ஓரத்தில் வைஸ் இல்லாமல் சுத்தியலால் எடுக்க வேண்டி வந்தால், அடிக்கும் காதுக்கு அடியிலேயே முட்டுக் கொடுங்கள். எதிர்க்காதை ஊன்றிக்கொண்டு அடித்தால் இரண்டு காதும் உள்ளே மடங்கும். மடங்கிய யோக்கில் புதுக் கிராஸ் இறுகிக்கொள்ளும்.

இப்போது காலியான காதுத் துளையைத் தடவிப் பாருங்கள். புதுக் கப்பை வைத்தால் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். விரலால் தள்ளினாலே போய்விடுகிறது என்றால் அந்த யோக் முடிந்துவிட்டது. துளை விளிம்பில் பஞ்சால் குத்திச் சுருக்குவது, கப்பின் மேல் வெல்டிங் புள்ளி வைப்பது எல்லாம் இரண்டு நாள் வேலை. வெல்டிங் சூடு ஊசிகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும். யோக் தனியாகக் கிடைக்கிறது, அதை மாற்றுங்கள். சர்க்கிளிப் உட்காரும் பள்ளத்தையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுற்றிலும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்த சேறு அங்கே இருந்தால் சர்க்கிளிப் முழுதாக இறங்காது. கப் தெறிப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

புதுக் கிராஸின் கப்களைக் கழற்றும்போது தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள், ஊசி கொட்டிவிடும். உள்ளே கொஞ்சம் கிரீஸ் பூசினால் ஊசிகள் ஒட்டி நிற்கும். கிராஸை யோக்குக்குள் வைத்து, நிப்பிள் கிரீஸ் கன் எட்டும் பக்கமாக, பழையது இருந்த அதே பக்கம் வருமாறு திருப்புங்கள். ஒரு கப்பைக் கொஞ்சம் தட்டி ஏற்றி, கிராஸின் காலை அதற்குள் நுழைத்துப் பிடித்துக்கொண்டே எதிர்க்கப்பை ஏற்றுங்கள். கால் இரண்டு கப்பிலும் இருந்துகொண்டே இருந்தால் ஊசி சாயாது. கப் கடைசி ஒன்றிரண்டு மி.மீ. போக மறுத்தால் அடித்துத் தள்ளாதீர்கள். ஓர் ஊசி சாய்ந்து அடியில் குறுக்கே விழுந்திருக்கிறது. கழற்றி, எடுத்து நிறுத்தி, மறுபடி ஏற்றுங்கள்.

சர்க்கிளிப்பைப் போட்ட பின் அதைப் பள்ளத்திலேயே கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் உட்கார்ந்திருக்கிறது. நான்கும் முடிந்ததும் யோக்கின் காதுகளில் வெளிப்பக்கமாகச் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு தட்டு. கப்கள் சர்க்கிளிப்பை ஒட்டி வந்து நிற்கும், இறுக்கம் விடும். யோக்கைப் பிடித்து விட்டால் தன் எடையில் எல்லாப் பக்கமும் விழ வேண்டும். கையால் ஆட்டினால் தளர்வும் தெரியக் கூடாது. கடைசியில் லித்தியம் கிரீஸை நான்கு கப்பின் ஓரத்திலும் கசியும் வரை அடியுங்கள். மூன்றில் கசிந்து ஒன்றில் கசியவில்லை என்றால் அந்த வழி அடைத்திருக்கிறது. அந்தக் கால்தான் முதலில் தேயும். யோக்கை ஆட்டிக்கொண்டே அடித்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

அதன் பிறகு 8 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கிராஸுக்குக் கிரீஸ். சேற்றுழவில் தண்ணீரும் மணலும் கிரீஸைக் கரைத்து உள்ளே ஏறும். குறுவைக்கும் சம்பாவுக்கும் வயல் தயாராகும் நாட்களில் காலையில் ஒரு முறை, வேலை முடிந்து கழுவிய பின் ஒரு முறை அடிப்பது நல்லது. மாலையில் அடிக்கும் கிரீஸ் உள்ளே போன தண்ணீரை வெளியே தள்ளும். அதனால் அதுவே முக்கியமானது. குழாய்களைப் பிரித்து நடுவில் கிரீஸ் தடவுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஷியர் போல்ட்

45 ஹெச்.பி. முழுதும் 540 சுற்றில் வந்தால் ஷாஃப்டில் விழும் முறுக்கு சுமார் 590 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் கடப்பாரையின் நுனியில் 60 கிலோ ஆள் தொங்குவது போன்ற விசை. கத்தி கல்லிலோ தென்னை வேரிலோ சிக்கி நிற்கும் கணத்தில், சுழலும் எல்லாப் பாகத்தின் உந்தமும் சேர்ந்து இது இன்னும் பல மடங்காகும். அந்த நேரத்தில் அறுந்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றத்தான் ஷியர் போல்ட் இருக்கிறது.

கையேட்டில் உள்ள விட்டம், தலையில் 8.8 என்று பொறித்த போல்ட், இதை மாற்றாதீர்கள். 10.9 போல்ட் அதைவிட 25 சதவீதம் பலம், 12.9 என்றால் 50 சதவீதம். "அடிக்கடி அறுகிறது" என்று பலமானதைப் போட்டால் அடுத்து உடைவது கிராஸோ கியரோ. இன்னொன்று: வெட்டு விழும் இடத்தில் போல்ட்டின் மரையில்லாத வழுவழுப்பான உடல் இருக்க வேண்டும். முழுநீள மரை உள்ள போல்ட் மரைப் பள்ளத்திலேயே சீக்கிரம் அறும், துளையையும் அரம் போல அராவும். துளை நீள்வட்டமாகிவிட்டால் போல்ட் ஆடி ஆடிக் களைத்து, கல்லே இல்லாத வயலிலும் அறும். அப்போது மாற்ற வேண்டியது யோக். சரியான போல்ட் ஐந்தாறு டூல்பாக்ஸில் இருந்தால் வயலில் கிடைத்ததைப் போடும் நிலை வராது.

ஷியர் போல்ட்டுக்குப் பதில் ஸ்லிப் கிளட்ச் (சுமை மிஞ்சினால் வழுக்கிவிடும் தட்டுகள்) உள்ள ரோட்டவேட்டர் என்றால், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த பின் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு நட்டுகளைத் தளர்த்தி, ஓரிரு நொடி வழுக்க விட்டு, அதே நீளத்துக்கு இறுக்க வேண்டும்.

மாட்டிய பின்

முனையின் பற்களில் கிரீஸ் தடவி, யோக்கைக் கையாலேயே தள்ளுங்கள். போகவில்லை என்றால் பல்லில் பிசிர் இருக்கிறது, அரத்தால் எடுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் அந்த அடி நேராக பி.டி.ஓ. பேரிங்குக்குப் போகும். 6 பல் யோக் 6 பல் முனைக்குத்தான்; அதே 35 மி.மீ. குறுக்களவில் 21 மெல்லிய பல் உள்ளது 1000 சுற்றுக்கான முனை. கார்டைப் போட்டு, அதன் சங்கிலியை டிராக்டரில் அசையாத ஓரிடத்தில் மாட்டுங்கள்; தூக்கி இறக்கும் அளவுக்குத் தளர்வு, சுற்றிக்கொள்ளாத அளவுக்கு இறுக்கம். கழற்றிய ஷாஃப்டைத் தொங்கவிட அந்தச் சங்கிலியைப் பயன்படுத்தக் கூடாது.

ரோட்டவேட்டரை எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை வையுங்கள். வரப்பில் திரும்பும்போது கத்தி மண்ணை விட்டு 25, 30 செ.மீ. மேலே வந்தால் போதும். ஹைட்ராலிக் லீவரின் நிறுத்தத்தை அந்த இடத்தில் இறுக்கி வைத்தால் ஓட்டுநர் நினைத்தாலும் அதற்கு மேல் போகாது. முழுதாகத் தூக்கிக்கொண்டு சாலையில் போக வேண்டும் என்றால் பி.டி.ஓ. நின்றிருக்க வேண்டும். கோணம் 35 பாகையைத் தாண்டினால் பல ஷாஃப்ட்களில் யோக்கின் காதுகளே ஒன்றோடொன்று முட்ட ஆரம்பிக்கும். சுழற்சியில் அது நடந்தால் கிராஸ் ஒரே அடியில் உடையும்.

சோதனைக்கு எஞ்சினை ஐட்லிங்கில் வைத்து, ரோட்டவேட்டரைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்தி பி.டி.ஓ. போடுங்கள். அருகில் யாரும் நிற்கக் கூடாது, குறிப்பாக ஷாஃப்டுக்குப் பக்கவாட்டில். சத்தம் ஒரே சீராக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மெல்ல வேகம் கூட்டுங்கள். சீரான இடைவெளியில் தட்டுகிற ஓசை வந்தால் காதுகளின் நேரை முதலில் பாருங்கள், அதன் பிறகு டாப் லிங்க். பதினைந்து நிமிடம் உழுதுவிட்டு இறக்கி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு எட்டு கப்பையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அந்தக் கப்பில் ஊசி சாய்ந்திருக்கிறது, அல்லது கிரீஸ் போகவில்லை. மறுநாளைக்குத் தள்ளாமல் அப்போதே கழற்றிப் பாருங்கள்.